தேசப்படத்திற்கு வர்ணந் தீட்டுதல்

இளமையிற் பள்ளிக்கூடத்தில் தேசப்படத்திற்கு வர்ணந் தீட்டாதவர் நம்முள் ஒருவரும் இரார். கடலுக்கு நீலமும் மலைக்குக் கபிலமும் தீட்டியபின், ஜில்லாக்களுக்குக் கையிற் கிடைத்த பென்சிலைக்கொண்டு ஒன்றிற்கு மஞ்சளும் அடுத்ததற்குச் சிவப்புமாகத் தீட்டி, ஆசிரியரிடங் காட்டி மகிழ்ந்தோம். ஒரு ஜில்லாவிற்கு ஏன் மஞ்சள், மற்றொன்றிற்கு ஏன் சிவப்பு என்று எவரும் வினவியதில்லை. வினவியிருப்பினும் விடை இராது. ஆனால் செய்தித்தாள்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் நாம் இன்று காணும் தேசப்படங்கள் அத்தகையன அல்ல. அவற்றில் ஒவ்வொரு வர்ணமும் ஒரு செய்தியைச் சொல்லுகின்றது. இந்த ஜில்லாவில் மழை குறைவு, அந்த ஜில்லாவிற் கல்வி மிகுதி, பிறிதொன்றில் நோய் பரவியுளது என்பனவற்றை ஒரே நோக்கிற் காட்டிவிடுகின்றது. இத்தகைய படத்தைக் கணிப்பொறியிலுள்ள புள்ளிவிவர மென்பொருள் சில நொடிகளில் வரைந்து தரும். அது வரையும் முறை யாது, அதில் நம்முடைய பங்கு யாது, எவ்விடத்திற் பிழை புகும் என்பவற்றை, யாம் வரைந்த ஒரு படத்தையே உதாரணமாக வைத்து இங்கு விளக்க முயல்வோம்.

தேசப்படத்தில் வர்ணத்தின் தொழில் இருவகைப்படும். ஒன்று, இடங்களை வேறுபிரித்துக் காட்டுதல். மற்றொன்று, இடங்களைப் பற்றிய பொருளை அறிவித்தல். முதல் வகைக்கு ஒரே விதி உண்டு. எல்லையால் ஒட்டிநிற்கும் இரண்டு இடங்களுக்கு ஒரே வர்ணம் வரலாகாது என்பதே அது. 1852-ம் ஆண்டில் ஃபிரான்ஸிஸ் கத்ரி என்னும் ஆங்கில இளைஞர், இங்கிலாந்தின் கவுண்டிகளுக்கு வர்ணந் தீட்டியபோது, நான்கு வர்ணங்களே இதற்குப் போதுமானவை என்று கண்டார். எந்தப் படத்திற்கும் நான்கு போதுமா என்னும் அவரது வினா, அவருடைய தம்பியின் வாயிலாக லண்டனிற் கணித ஆசிரியராயிருந்த டி மார்கனை எட்டிற்று. 1879-ல் கெம்பே என்பவர் விடை கண்டதாக வெளியிட்டார். பதினோராண்டு கழித்து, 1890-ல், அவ்விடையிற் பிழையுண்டென்று ஹீவுட் காட்டினார். முடிவாக 1976-ம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆப்பெல், ஹாக்கன் என்னும் இருவர், கணிப்பொறியின் துணைகொண்டு நான்கே போதும் என்று நிரூபித்தனர். சிறுவர் கைப்பென்சிலின் வேலை 124 ஆண்டுகள் கணிதப் புலவர்களை உழைக்க வைத்தது வியப்பே. எனினும் இவ்வகை வர்ணத்திற்குப் பொருள் இல்லை. மஞ்சளை மாற்றிப் பச்சையாக்கினால் ஒருவருக்கும் நட்டமில்லை.

இரண்டாவது வகையோ அவ்வாறன்று. அதனைத் தொடங்கிவைத்தவர் பிரெஞ்சு தேசத்துக் கணித நூலறிஞரும் கப்பற்றுறைப் பொறியாளருமாகிய சார்ல் டூபேன் என்பவர். அவர் 1826-ம் ஆண்டில் தம் நாட்டுப் படமொன்றை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு பிரிவிலும் பள்ளிக்கூடத்திற் பயிலும் ஆண்பிள்ளை ஒருவனுக்கு எத்தனை குடிகள் என்று கணக்கிட்டு, கல்வி மிகுந்த பிரிவுகளை வெண்மையாகவும், குறைந்தவற்றைப் படிப்படியாகக் கருமையாகவும் காட்டியிருந்தார். வடமேற்குக் கடற்கரையிலுள்ள சேன் மாலோ நகரிலிருந்து கிழக்கே ஜெனீவா வரை ஒரு கோடு இழுத்தாற்போல, வடக்கு வெளுத்தும் தெற்கும் மேற்கும் கறுத்தும் தோன்றின. ஏடுகளில் நெடுநாள் உறங்கிக் கிடந்த எண்கள், கறுப்பு வெள்ளையாக மாறியவுடன் தேசமெங்கும் வாதம் எழுந்தது. கறுப்புப் பகுதியில் வாழ்ந்தோர் தம்மை இருளர் என்று உலகம் இகழுமே என்று நொந்தனர். 1833-ல் ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு தொடக்கப் பள்ளியை நடத்தவேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் வந்தது. அஃது இப்படத்தின் பயனே என்று யாம் கூறோம். ஆயினும் எண்ணைக் கண்டு அசையாதவரையும் வர்ணம் அசைக்கும் என்பது அக்காலத்திலேயே விளங்கிற்று.

இத்தகைய படத்திற்குக் ‘கோரோப்பிளெத்’ என்னும் பெயரை 1938-ல் ரைட் என்னும் அமெரிக்க பூகோள அறிஞர் கொடுத்தார். கிரேக்க மொழியில் இடம் என்றும் திரள் என்றும் பொருள்படும் இரண்டு சொற்களின் சேர்க்கை அது. நாம் இதனை ‘வகைவர்ணப் படம்’ என்று வழங்குவோமாக.

நிற்க. இனிக் கருவியைப் பற்றிச் சிறிது கூறுவோம். புள்ளிவிவர மென்பொருள் பல உள. அவற்றுள் விலையின்றிக் கிடைப்பதும், உலகெங்கும் மாணாக்கர் கையாளுவதுமாகியது ‘ஆர்’ என்னும் ஓரெழுத்துப் பெயருடையது. நியூஸிலாந்து தேசத்து ஆக்லாந்து சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் இதனை ஆக்கினர். இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஆங்கில ‘ஆர்’ ஆதலின் அப்பெயர் அமைந்தது; அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முன்னரே தோன்றியிருந்த ‘எஸ்’ என்னும் மொழியை ஒட்டிப் பிறந்தமையும் மற்றொரு காரணமாம். 1995 முதல் இஃது எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள பொதுச் சொத்தாயிற்று. இதனுடன் இணைத்து வழங்கும் துணைத் தொகுதிகள் பல்லாயிரம். தேசப்படத்தின் எல்லைகளைக் கையாளுவதற்கு எட்ஸர் பெபெஸ்மா என்பார் முன்னின்று ஆக்கிய ‘எஸ்எஃப்’ என்னும் தொகுதியும், படம் வரைவதற்கு ஹாட்லி விக்காம் ஆக்கிய ‘ஜிஜிபிளாட்2’ என்னும் தொகுதியும் நமக்கு வேண்டுவன. பின்னதன் பெயரிலுள்ள ‘ஜிஜி’ என்பது படவிலக்கணம் என்று பொருள்படும். 1999-ல் லீலண்ட் வில்கின்ஸன் என்பார் எழுதிய இலக்கண நூலைத் தழுவியது அது. சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைப்பதற்கு இலக்கணம் இருத்தல்போல, எண், வடிவம், வர்ணம் ஆகியவற்றைச் சேர்த்துப் படம் அமைப்பதற்கும் இலக்கணம் உண்டு என்பது அவர் கொள்கை.

யாம் வரைய எண்ணியது டூபேன் வரைந்ததைப் போன்ற கல்விப் படமே. 2011-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு நிலையை ஜில்லாவாரியாகக் காட்டுவது எம் நோக்கம். எழுத்தறிவு என்பது ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள், யாதேனும் ஒரு மொழியைப் பொருளறிந்து எழுதவும் படிக்கவும் வல்லவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்னும் கணக்காகும். 2021-ல் நடந்திருக்கவேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டமையால், 2011-ம் ஆண்டு எண்களையே எடுத்துக்கொண்டோம். மாநிலம் முழுவதற்கும் எழுத்தறிவு 80.09 சதவிகிதம். ஜில்லாக்களுள் முதலில் நின்றது 91.75 பெற்ற கன்னியாகுமரி, அடுத்தது 90.18 பெற்ற சென்னை. கடைசியில் நின்றது 68.54 பெற்ற தருமபுரி.

இப்படத்திற்கு வேண்டும் பொருள்கள் மூன்று. முதலாவது, எல்லைக்கோப்பு. ஒவ்வொரு ஜில்லாவின் எல்லையையும் அட்சரேகை தீர்க்கரேகைப் புள்ளிகளின் மாலையாகக் கோத்து வைத்திருப்பது இது. ‘ஷேப்ஃபைல்’ என்று வழங்கும் இவ்வகைக் கோப்பு, பெயரால் ஒன்றாயினும் உண்மையிற் பல கோப்புகளின் கூட்டம். அவற்றுள் இன்றியமையாத ஒன்றை நகல் எடுக்க மறந்தால் மற்றவை செவ்வனே பயன்படா. இரண்டாவது, எண்கள் அடங்கிய அட்டவணை. மூன்றாவது, இவ்விரண்டையும் பிணைக்கும் கயிறு. அஃதாவது, இரண்டிலும் ஒரேவிதமாக எழுதப்பட்ட ஜில்லாப் பெயர், அல்லது குடிக்கணக்கு அதிகாரிகள் ஒவ்வொரு ஜில்லாவிற்கும் கொடுத்துள்ள குறியெண்.

இம்மூன்றனுள் மிக எளியதாகத் தோன்றும் கயிறே முதலில் அறுவது. நம் ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒருவர் எழுதியவாறு மற்றொருவர் எழுதுவதில்லை. ஒரு கோப்பில் தூத்துக்குடி என்றிருப்பது மற்றொன்றில் டூட்டிகோரின் என்றிருக்கும். கன்னியாகுமரிக்கு ஓர் எழுத்துக் கூடும் அல்லது குறையும். நீலகிரிக்கு முன் ‘தி’ என்னும் அடைமொழி ஓரிடத்தில் வரும், ஓரிடத்தில் வராது. இரண்டும் ஒன்றே என்று நாம் அறிவோம், கணிப்பொறி அறியாது. ‘லெஃப்ட் ஜாயின்’ என்னும் கட்டளையால் எல்லையையும் எண்ணையும் பிணைக்குங்கால், பெயர் பொருந்தாத ஜில்லாவை அது வெறுமையாக விட்டுவிடும். நம்மை நோக்கி முறையிடாது. ஆதலால் ‘ஆன்ட்டி ஜாயின்’ என்னும் மற்றொரு கட்டளையை ஏவி, எந்தெந்தப் பெயர் துணையின்றி நிற்கின்றது என்று முதலிற் கேட்டுத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

பெயர் பொருந்தியும் பொருள் பொருந்தாத சிக்கல் ஒன்றும் உண்டு. 2011-ல் தமிழ்நாட்டில் இருந்தவை 32 ஜில்லாக்கள். 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கற்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் ஐந்தும், 2020-ல் மயிலாடுதுறையும் புதிதாய்த் தோன்றி, தொகை 38 ஆயிற்று. 38 பிரிவுள்ள எல்லைக்கோப்பில் 2011-ம் ஆண்டு எண்களை இட்டால், இந்த ஆறும் வெறுமையாய் நிற்கும் என்பது எவருக்கும் கண்ணிற் படும். கண்ணிற் படாதது வேறொன்று. விழுப்புரம் என்னும் பெயர் இரண்டு கோப்பிலும் இருத்தலால் 71.88 என்னும் எண் அதனுடன் ஒழுங்காகப் பொருந்திவிடும். ஆனால் அவ்வெண், கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த பழைய விழுப்புரத்தினுடையது. குறுகிய புதிய விழுப்புரத்தினுடையதன்று. மூன்றாகப் பிரிந்த வேலூருக்கும் இதுவே நிலை. எனவே எண் எந்த ஆண்டினதோ, எல்லையும் அந்த ஆண்டினதாதல் வேண்டும். யாம் 32 பிரிவுள்ள பழைய எல்லைக்கோப்பையே தேடியெடுத்துக்கொண்டோம்.

அடுத்தது வகைப்படுத்தல். 32 எண்களுக்கு 32 வர்ணம் தீட்டினால் கண் ஒன்றையும் அறியாது. ஆதலின் உயர்வு, நடு, தாழ்வு என்று சில வகுப்புகளாக்குகின்றோம். வகுப்பின் எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் படம் வரைவோன் நீதிபதி ஆகின்றான். எழுத்தறிவு 70-க்குக் கீழ்ப்பட்டவை தாழ்வு என்று வைத்தால், தருமபுரி ஒன்றே அவ்வகுப்பில் விழும். 72-க்குக் கீழ் என்று வைத்தால், 71.34 பெற்ற அரியலூரும், 71.46 பெற்ற கிருஷ்ணகிரியும், 71.88 பெற்ற விழுப்புரமும் அதனுடன் சேரும். எல்லையை இரண்டு புள்ளி நகர்த்தினோம். மக்களில் ஒருவரும் புதிதாய் எழுத்தை மறந்திலர். ஆனால் படத்தில் மூன்று ஜில்லாக்கள் கறுத்துவிட்டன. ஒருவன் பின்தங்கிய இடம் ஒன்றே என்று காட்ட விரும்பினாலும், நான்கு என்று காட்ட விரும்பினாலும், பொய்யான எண் ஒன்றையும் எழுதாமலே காட்டிவிடலாம். மென்பொருள் இரண்டிற்கும் ஒரே பணிவுடன் உடன்படும்.

எமக்குச் சார்பு யாதும் இருத்தலாகாது என்று கருதி, எல்லையை யாம் வைக்காமல், 32 ஜில்லாக்களையும் எண்ணிக்கையில் ஏறக்குறைய மும்மூன்றில் ஒரு பங்காகப் பிரிக்குமாறு மென்பொருளையே ஏவினோம். ‘குவாண்டைல்’ என்னும் கட்டளை மூன்று பங்கின் எல்லைகளைக் கண்டு கொடுத்தது. அவ்வெல்லைகளை ‘கட்’ என்னும் கட்டளையிடம் ஒப்புவித்தோம். அது வகுப்புப் பிரித்தது. தாழ்ந்த வகுப்பிற்குக் கருநீலமும், நடுவிற்கு நீலமும், உயர்ந்ததற்கு வெளிர் நீலமும் வைத்தோம். படம் அழகாகவே வந்தது. அதனைத் தாளில் அச்சிட்டு விடுதியின் படிப்பறைச் சுவரில் ஒட்டி, நண்பர்கள் பாராட்டுதலை எதிர்நோக்கி நின்றோம்.

தருமபுரியினின்று வந்து எம்முடன் பயிலும் நண்பர் ஒருவர் நெடுநேரம் படத்தை நோக்கினார். பின்பு, “ஏனையா, எங்கள் ஜில்லாவைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையோ?” என்றார். நோக்கினோம். சேலத்திற்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே தருமபுரி சாம்பல் நிறமாய் நின்றது. சாம்பல் நிறம், எண் கிடைக்காத இடத்திற்கு மென்பொருள் தானே இடுவது. எம் அட்டவணையிலோ தருமபுரியின் எண் தெளிவாக இருந்தது. யாம் விழித்து நிற்கக் கண்டு அவர் சொன்னார்: “கடைசியில் இருக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரியும். கறுப்பாய்த் தீட்டியிருந்தாற் பொறுப்பேன். படத்திலேயே இல்லாமற் போவதை எவ்வாறு பொறுப்பது?” அச்சொல் எம்மைச் சுட்டது. கல்வியிற் பின்தங்கிய இடத்தைக் காட்டவே வரைந்த படம், மிகப் பின்தங்கிய அந்த ஓரிடத்தையே மறைத்துவிட்டது.

இப்பிழை நேர்ந்த காரணத்தை அன்றிரவே ஆராய்ந்து கண்டோம். ‘கட்’ என்னும் கட்டளை, நாம் வேறு கூறாதவரையில், ஒவ்வொரு வகுப்பையும் கீழ்ப்புறந் திறந்தும் மேற்புறம் அடைத்தும் வைக்கும். அஃதாவது, கீழெல்லையினும் மிக்க எண்களே அவ்வகுப்பிற் சேரும். கீழெல்லைக்குச் சமமான எண் அதற்கு முந்திய வகுப்பினுடையது. இதனால் ஓர் எண் இரண்டு வகுப்பில் விழாமற் காக்கப்படுகின்றது, நல்ல விதியே. ஆனால் ‘குவாண்டைல்’ கண்டு கொடுத்த முதற் கீழெல்லை எது? எல்லாவற்றினுஞ் சிறிய எண்ணாகிய 68.54. தருமபுரியின் எண்ணும் 68.54. அதனை விட மிக்கதன்றாதலின் முதல் வகுப்பிற் சேரவில்லை; அதற்கு முந்திய வகுப்போ இல்லை. ஆகவே தருமபுரி எவ்வகுப்பிலுஞ் சேராது வெளியே நின்றது. ‘இன்க்லூட் லோயஸ்ட்’ என்னும் ஒரு சொல்லைக் கட்டளையிற் சேர்த்து, கடைசியானதையும் உட்கொள்க என்று பணித்திருந்தால் இது நேர்ந்திராது. வகுப்புகளிலுள்ள ஜில்லாக்களைக் கூட்டிப் பார்த்திருந்தாலும் 11, 10, 11 என்று 32 வருவதற்குப் பதிலாக 10, 10, 11 என்று 31 வருவதைக் கண்டிருப்போம். கூட்டிப் பார்க்க அரை நிமிஷம் போதும். அதனை யாம் செய்திலோம்.

மென்பொருளைக் குறை கூறுதல் தகாது. அது தன் விதியை விதிநூலில் வெளிப்படையாகவே எழுதி வைத்துள்ளது. மேலும், எல்லை வைக்கும் பொறுப்பை அதனிடம் விட்டுவிட்டால் சார்பின்மை தானே வந்துவிடும் என்று யாம் நினைத்ததே முதற் பிழை. பொறுப்பைக் கைவிடுதல் நடுநிலை ஆகாது.

வகுப்பைப் பற்றி இன்னொன்றுங் கூறவேண்டும். வகுப்பின் பெயர்களை அட்டவணையிலேயே சொற்களாக எழுதிவைத்தால், மென்பொருள் அவற்றை எழுத்து வரிசையில் அடுக்கும். உயர்வு, தாழ்வு, நடு என்பவற்றை அகராதி முறையில் அடுக்கிப் பாருங்கள். உகரம் முன்னும், தகரம் அடுத்தும், நகரம் இறுதியிலும் வரும். வெளிர் நிறத்திலிருந்து கருநிறம் வரை வர்ணங்களை வரிசையாகக் கொடுத்தால், உயர்வு வெளிரும், தாழ்வு நடுநிறமும், நடு கருநிறமும் பெறும். இடைப்பட்ட ஜில்லாக்கள் எல்லாவற்றினுங் கேடானவை போலத் தோன்றும். ஆதலால் வகுப்புகளின் வரிசை இதுவென்று நாமே எடுத்துரைத்தல் வேண்டும். பொருள் வரிசை வேறு, எழுத்து வரிசை வேறு.

இனி வர்ணத் தேர்ச்சி. மண்வகை, பேசும் மொழி, வென்ற கட்சி போன்றவற்றிற்குள் ஏற்றத்தாழ்வு இல்லை. இவற்றிற்கு ஒன்றற்கொன்று வேறானவும், வலிமையில் ஒத்தனவுமாகிய வர்ணங்களை வைத்தல் முறை. எழுத்தறிவு, மழையளவு போன்றவற்றில் வரிசை உண்டு. இவற்றிற்கு ஒரே வர்ணத்தின் வெளிர்மையும் கருமையும் ஏற்றன. மாநிலச் சராசரியினும் மேலா கீழா என்று காட்டவேண்டின், நடுவில் வெண்மையும் இருபுறமும் வெவ்வேறு வர்ணம் மிகுந்து செல்லுதலும் பொருந்தும். இம்மூவகையையும் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஏற்ற வர்ணக் கூட்டங்களைச் சோதித்துத் தொகுத்தவர் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநில சர்வகலாசாலையைச் சேர்ந்த பூகோள அறிஞர் சிந்தியா புரூவர் அம்மையார். அவர் பெயரால் வழங்கும் அக்கூட்டங்களை ‘ஆர்’ மென்பொருளிலும் பெறலாம். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைத்தல் பலருக்கு விருப்பம். ஆனால் அவ்விரண்டையும் வேறுபிரித்தறிய மாட்டாத கண்ணுடையோர் உளர். ஐரோப்பிய வழியினரான ஆடவருள் நூற்றுக்கு ஏறக்குறைய எண்மர் இத்தகையோர் என்பர். அவர்க்கும் விளங்கும் வர்ணத்தைத் தேர்தல் நம் கடன். அன்றியும், எண் இல்லாத இடத்திற்கு ஒரு வர்ணம் வைத்து, அஃது இன்னதென்று படத்தின் மூலையிலுள்ள குறிவிளக்கத்தில் எழுதவேண்டும். அவ்வாறு எம் படத்தில் எழுதியிருந்தால், சாம்பல் நிறத்தின் பிழை எமக்கே முதலில் தெரிந்திருக்கும்.

இவையெல்லாம் செவ்வையாகச் செய்தபின்னும், வகைவர்ணப் படத்திற்கு இயல்பாகவே உள்ள குறை இரண்டு உண்டு. முதலாவது, அது நிலத்திற்கு வர்ணந் தீட்டுகின்றதே அன்றி மக்களுக்கன்று. 2011-ல் விழுப்புரம் ஜில்லாவின் பரப்பு 7,194 சதுர கிலோமீட்டர். சென்னையின் பரப்பு 175. படத்தில் விழுப்புரம், சென்னையினும் 41 மடங்கு பெரிதாகத் தோன்றும். மக்கள்தொகையோ விழுப்புரத்தில் 34,58,873, சென்னையில் 46,46,732. நாற்பத்தாறு லட்சம் மக்களின் கல்வி ஒரு பொட்டாகவும், முப்பத்துநான்கு லட்சம் மக்களின் கல்வி ஓர் உள்ளங்கையளவாகவும் காட்சியளிக்கும். கண், பெரிய இடத்தையே பெரிய செய்தியாகக் கொள்ளும். இதனாலேயே, எழுதப்படிக்கத் தெரிந்தோரின் மொத்தத் தொகை போன்றவற்றை இப்படத்திற் காட்டுதல் முற்றிலுந் தவறு. நூற்றுக்கு இத்தனை என்னும் விகிதத்தையே காட்டல் வேண்டும். மக்கள்தொகையையும் அருகில் எழுதுதல் நலம்.

இரண்டாவது குறை, ஒரே வர்ணம் ஒரு ஜில்லா முழுவதையும் ஒரே தன்மையதாகக் காட்டுவது. மாநிலத்தின் 80.09 என்னும் எண்ணுக்குள் ஆடவர் 86.77 சதவிகிதமும் பெண்டிர் 73.44 சதவிகிதமும் ஆக, இரு வேறு நிலைகள் அடங்கிக் கிடக்கின்றன. பதின்மூன்று புள்ளி வேறுபாட்டை ஒரு வர்ணம் மூடிவிட்டது. ஆகவே பெண் கல்விக்குத் தனியே ஒரு படம் வரைந்தாலன்றி உண்மை வெளிப்படாது. அதுபோலவே, கருநீலந் தீட்டிய தருமபுரியிலும் நூற்றுக்கு 68 பேருக்கு மேல் எழுத்தறிந்தவர். மூவரில் இருவர் படித்திருக்கும் இடத்தை இருள் சூழ்ந்த இடம் என்று சொல்லுவது எவ்வாறு பொருந்தும்? டூபேனின் படத்தைக் கண்டு நொந்த பிரெஞ்சு மக்களின் துயரமும் இதுவே. கருமை என்பது ஒப்புநோக்கிற் பிறந்த ஒரு குறி, அவ்வூராரின் நிறமன்று.

எம் படத்தைத் திருத்தி மறுபடியும் அச்சிட்டோம். இம்முறை தருமபுரி கருநீலமாய் நின்றது. அதன் மேல் 68.54 என்னும் எண்ணையும் எழுதினோம். குறிவிளக்கத்தில் வகுப்பின் எல்லைகளையும், எண்ணின் ஆண்டையும், எல்லைக்கோப்பின் ஆண்டையும் குறித்தோம். பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டியபோது அந்நண்பர் வந்து பார்த்து, “இப்பொழுது சரி” என்று மட்டுஞ் சொன்னார். கடைசி இடத்தைக் காட்டும் படத்தைக் கண்டு ஒருவர் மனநிறைவு கொண்டதை யாம் அன்றுதான் கண்டோம்.

அடுத்த குடிக்கணக்கின் எண்கள் வெளிவரும்போது இப்படத்தைப் புதிதாக வரையப்போகிறவர்கள் நம் கல்லூரியில் இப்போது பயிலும் இளைஞர்களாயிருக்கலாம். அவர்கள் கையில் இன்னும் விரைவான கருவிகள் இருக்கும். கட்டளையைத் தானே எழுதித் தரும் கருவிகளும் இருக்கும். அவர்களுக்கு யாம் கூறுவது ஒன்றே. படம் வந்தவுடன் அதன் அழகை நோக்குமுன், வர்ணம் பெற்ற ஜில்லாக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். ஒன்று குறையுமாயின், அங்கும் மக்கள் வாழ்கின்றனர்.